வலக்கை காட்டச் சொன்ன புள்ளிக்காரன்

உதியன்குளங்கரை முக்கில் எந்த இரண்டு பேர் எந்த மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசினாலும், "என்னையா?" என்று திரும்பிப் பார்க்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். தாலுகாவிலேயே என்று நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. உலகத்திலேயே.

இதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. எங்கள் பக்கம் கேரள எல்லை; மலையாளத்தில், பேர் மறந்துபோன ஆளையும் பேர் சொல்லப் பிடிக்காத ஆளையும் 'புள்ளிக்காரன்' என்பார்கள். 'அந்த ஆள்', 'அவர்' என்கிற அளவுக்குத்தான் அர்த்தம். எங்கள் ஆளுக்கோ அதுவே பேராகிவிட்டது. பிள்ளைக்கு ஒரு புள்ளி என்று சுவரில் புள்ளி வைத்துக்கொண்டு திரிந்ததால் தமிழ் பேசுகிற நாங்கள் 'புள்ளி சார்' என்றோம். கடைத்தெருவுக்குப் போனதும் அது புள்ளிக்காரன் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு நிம்மதியாக ஒரு சாயா குடிக்க வாய்க்கவில்லை.

ஒருநாள் சாயாக்கடையில் இரண்டு பேர் யாரோ ஒரு சம்பந்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "புள்ளிக்காரனெ விசுவசிக்கான் பற்றில்ல" என்றார் ஒருவர். அவரை நம்பக்கூடாது என்று அர்த்தம். சார் கிளாசைக் கீழே வைத்தார். எழுந்துபோய் அவர்கள் முன்னால் நின்றார்.

"எனக்க எந்தப் புள்ளியில ஒமக்கு விசுவாசம் இல்ல? சொல்லும். சுவருக்குப் போய்ப் பாப்போம்."

அந்த இரண்டு பேரும் அன்று சாயாவைப் பாதியில் விட்டுவிட்டு பாறசாலை பஸ் ஏறினார்கள். அவர்கள் போகவேண்டியது பாறசாலைக்கே அல்ல என்று கடைக்காரர் பிறகு சொன்னார்.

இது தொண்ணூறுகளில் நடந்தது. எதற்கெடுத்தாலும் கணக்கெடுப்பு, எதற்கெடுத்தாலும் வரைபடம் என்று ஊர் அலைந்துகொண்டிருந்த காலம். பள்ளிக்கூடத்தில் சேரப்போகிற பிள்ளைகளை முன்கூட்டியே பார்த்து, யாருக்கு என்ன வரும், என்ன வராது என்று தெரிந்துகொண்டு, எந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்ன உதவி வேண்டும் என்று தீர்மானிக்க ஒரு திட்டம் வந்தது. நல்ல திட்டம்தான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். யார் நடத்தியது என்பதை மட்டும் விட்டுவிடுகிறேன். நான் அப்போது பொழியூர் கடற்கரையில் அங்கன்வாடி டீச்சர். வீடு குளத்தூரில். வாய்த்துடுக்குக்காரி என்று இரண்டு ஊரிலும் பெயர் வாங்கியிருந்தேன்.

கேள்வி கேட்டுப் புள்ளி வைக்கிற பொறுப்பு சாருக்கு வந்தது. குளத்தூர் வாசகசாலையின் நீளச் சுவர் முழுவதும் அவரே வரைபடம் வரைந்தார். ரோடு, குளம், கோயில், மேற்கே நீலமாகக் கடல். ஒவ்வொரு வீடு இருக்கிற இடத்திலும் அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு புள்ளி. பச்சை என்றால் நேராக ஒன்றாம் வகுப்பு. மஞ்சள் என்றால் கொஞ்சம் கைப்பிடித்து நடத்தவேண்டிய பிள்ளை. சிவப்பு என்றால் இன்னும் ஒரு வருஷம் குளத்தூரில் நடக்கும் ஆயத்த வகுப்புக்குப் போகவேண்டும்.

புள்ளி வைக்க பிரஷ் தொடமாட்டார். விரல்தான். பெருவிரலுக்குச் சிவப்பு, ஆள்காட்டி விரலுக்கு மஞ்சள், நடுவிரலுக்குப் பச்சை. பெயின்ட் போகவே போகாது. கல்யாண வீட்டில் அவர் சாப்பிட்டு எழுந்த இலையை எடுக்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் எடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைப் பை அவரைத் தாண்டி வந்தால் அதில் மூன்று நிறம் இருக்கும். போதகர் அதைப் பற்றி ஜெபத்தில் ஜாடையாகக் குறிப்பிட்டார் என்று கூட ஒரு பேச்சு உண்டு.

வைத்த புள்ளியை அவர் மாற்றியதாகச் சரித்திரம் இல்லை. ஒரு பஞ்சாயத்து மெம்பரின் பேரன், "வலது கையைக் காட்டு" என்றதற்கு நாக்கை நீட்டிக் காட்டியிருந்தான். சிவப்பு விழுந்துவிட்டது. மெம்பர் தானே நேரில் வந்து குழைந்தார்.

"சாரே, சின்னப் பிள்ளையில்லா. ஒரு பச்சை வச்சா ஒமக்கு என்ன கொறஞ்சு போவும்?"

"எனக்கு ஒண்ணும் கொறையாது. பிள்ளைக்குக் கொறையும். புள்ளி வச்சா வச்சதாக்கும்."

மெம்பர் இதை மறக்கவில்லை. பின்னால் வருகிறது.

பொழியூரில் அந்த வருஷம் கடல் ஒரு வரிசை வீட்டை எடுத்துக்கொண்டுபோனது. குடும்பங்கள் எல்லாம் பள்ளிக்கூட அறையில் வந்து கிடந்தன. சார் அந்த வீடுகள் இருந்த இடத்தில் நீலம் பூசிக் கடலைக் கரைக்குள் நகர்த்தினார். ஆனால் அதன்மேல் திரும்பவும் பிள்ளைகளுக்கு உண்டான வெறும் வட்டங்களைப் போட்டுவைத்தார். வாத்தியாரை மாஷ் என்றே கூப்பிடுகிற திட்ட அதிகாரி பார்த்துவிட்டு, "என்ன மாஷே, கடலுக்குள்ள பிள்ளை இருக்கா?" என்று சிரித்தார். சார் சிரிக்கவில்லை.

"வீடு தான் சார் இல்ல. பிள்ளை உண்டு."

அந்த ஒரு பதிலுக்காக நான் அவருடைய மற்ற கோணங்கித்தனம் எல்லாவற்றையும் மன்னித்திருந்தேன். எங்கள் கடற்கரைக்கு அவர் வருகிற நாள் வரைக்கும்.

வந்தார். கையில் நீளக் குடை, தோளில் பை. பைக்குள் கூழாங்கல், பொத்தான், நூல், ஒரு ரப்பர் பந்து. வாசலில் நின்று பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர் வெளிய போணும்" என்றார்.

"எனக்க அங்கன்வாடியில இருந்து நான் எதுக்கு வெளிய போணும்?"

"டீச்சர் உள்ள நின்னா கண்ணைக் காட்டிக் குடுக்கும். எல்லா டீச்சரும் செய்யுததாக்கும். குத்தமா சொல்லல்ல."

கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஒரு தென்னைமூட்டில் நின்று உள்ளே நடப்பதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன். கூழாங்கல் எண்ணுகிற சத்தம் கேட்டது. ஒரு பயல், "எண்ணிப்போட்டு என்ன செய்யப் போறீரு?" என்று கேட்டதும் கேட்டது. சார் அதற்கு, "நல்ல கேள்வி மக்கா" என்றார். சரி, நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன். கடைசியில் வெளியே வந்தவரின் பெருவிரல் மட்டும் ஈரமாக இருந்தது. வெளியூர் போகும்போது கையோடு கொண்டுவருகிற அட்டையில் முதலில் வைத்துக்கொள்வார், பிறகுதான் சுவருக்கு ஏறும். அட்டை முழுவதும் சிவப்பு. ஒன்றுகூட மிச்சமில்லை.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? கூழாங்கல் எண்ணுகிற பிள்ளைகள், நிறம் சொல்கிற பிள்ளைகள், நாற்பது வரி ஜெபத்தை மூச்சுவிடாமல் சொல்கிற பிள்ளைகள். கோபத்தில் அவர் குடையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது என்ன அக்கிரமம் சாரே? ஒரு பிள்ளை கூடவா தேறல்ல?"

"எண்ணுது, நிறம் சொல்லுது, எல்லாம் சரியாக்கும். கை தெரியல்ல. வலக்கையைக் காட்டுன்னா ரெண்டு கையையும் நீட்டுது. இடக்கை எங்கன்னு கேட்டா, 'இன்னொரு கை இல்ல சாரே'ன்னு முழிக்குது."

வலது இடது தெரியாத பிள்ளைக்கு எழுத்தின் போக்கு பிடிபடாது. ஆகவே அதில் தப்பினால் மற்றவை எத்தனை சரியாக இருந்தாலும் சிவப்பு. இது அவரே போட்ட சட்டம். அதோடு, மற்ற இடத்தில் 'வலது கை' என்று மலையாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர், எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் என்பதற்காக நல்ல தமிழில் 'வலக்கை' என்று மாற்றிக் கேட்டிருந்தார். மனுஷன் மரியாதை செய்யத்தான் நினைத்தார்.

"பயந்திருக்கும் சாரே. ஒம்ம குடையைப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு."

"பயந்தா ஒரு பிள்ளை அழும், ஒரு பிள்ளை ஓடும். எல்லாம் ஒரே மாதிரியா ரெண்டு கையை நீட்டும்?" என்று கேட்டுவிட்டு, தன் கேள்வி தன் காதிலேயே விழுந்தவர்போல நின்றுவிட்டார். நான் பேசியது எதுவும் பிறகு அவர் காதில் ஏறவில்லை.

சாயங்காலத்துக்குள் சேதி கடற்கரை முழுக்கப் பரவிவிட்டது. ஸ்டெல்லா வந்தாள். தலையில் மீன்கூடைச் சும்மாடு அப்படியே இருந்தது. அவள் மகள் மெர்லினுக்குப் போன வருஷம் சேர்க்கிற சமயத்தில் அம்மை போட்டிருந்தது. அதனால் ஒரு வருஷம் போய்விட்டது. இது இரண்டாம் வருஷம்.

"டீச்சரே, குளத்தூருக்குப் பிள்ளைய கொண்டுபோய் விட்டுட்டு வர எனக்க வீட்டுல ஆளு உண்டா? அவரு கடலுக்குப் போறாரு, நான் சந்தைக்குப் போறேன். இந்த வருசமும் பள்ளிக்கூடத்துல எடுக்கல்லன்னா நான் பின்ன கேக்க மாட்டேன். கைப்பிள்ளைய பாத்துக்கிட்டு வீட்டுல இருக்கட்டும். அவ தலவிதி."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. ஒரு வருஷம் கூடுதல் கவனிப்பு என்று காகிதத்தில் எழுத நன்றாக இருக்கும். எங்கள் கடற்கரையில் ஒன்றாம் வகுப்புக்கு முன்னால் ஒரு வருஷம் நின்ற பெண்பிள்ளை பிறகு பள்ளிக்கூடத்துப் படி ஏறியதை நான் பார்த்ததில்லை. மெர்லின் என் வாசலில் உட்கார்ந்து சிப்பியைத் தரம்பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளைக்கா ஒன்றும் தெரியாது? அன்று சாரைத் திட்ட நான் விட்டுவைத்த வார்த்தை இல்லை. எல்லாம் மனசுக்குள்தான், அங்கன்வாடி என்பதால்.

மறுநாள் காலையில் பார்த்தால் சார் மணலில் நிற்கிறார். யாரும் கூப்பிடவில்லை. அட்டையும் கொண்டுவரவில்லை.

"சுவருல ஏத்தியாச்சா?" என்று கேட்டேன், நக்கலாகத்தான்.

"இல்ல. ஒறக்கம் வரல்ல. எல்லாப் பிள்ளையும் ஒண்ணுபோல தப்பினா அது தப்பு இல்ல, டீச்சரே. அதுக்கு வேற என்னமோ பேரு உண்டு. அது என்னன்னு பாக்க வந்தேன்."

அன்று கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் அரைவட்டமாக விரித்த பெரிய வலையைக் கரையில் நின்று இரண்டு கயிற்றைப் பிடித்து இழுப்பது. கடைசி நேரத்தில் வலை கனக்கும். அப்போது வழியில் போகிறவர், மீன் வாங்க வந்தவர், யாராக இருந்தாலும் ஒரு பிடி பிடிக்கவேண்டும். அது கடற்கரை வழக்கம். வலைமூப்பர் கத்தினார்.

"வலக்கை குடுங்கலே! வலக்கை, வலக்கை! ஓய் குடைக்காரரே, நீரும் ஒரு வலக்கை குடும்!"

வலைக்கு ஒரு கை கொடு என்பதைத்தான் அவர்கள் அவசரத்தில் அப்படிச் சொல்வார்கள். நானே அதுவரைக்கும் கவனித்ததில்லை; குளத்தூர்க்காரிக்குக் கடல் தெரியாது. சார் மரியாதைக்காரர். கூப்பிட்டால் போகாமல் இருப்பாரா? இடது கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, வலது கையை மட்டும் நீட்டி, கைகுலுக்குகிற பாவனையில் கயிற்றைப் பிடித்தார்.

கடல் ஒரு இழுப்பு இழுத்தது. குடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், சார் நடுவில். மணலில் மூக்குத் தேய்ந்து கொஞ்சதூரம் போய்த்தான் கயிற்றை விட்டார். கரை முழுக்கச் சிரிப்பு. ஓடிவந்து அவரைத் தூக்கியது கயிற்றுக்குப் பக்கத்தில் நின்ற மெர்லின்தான். தூக்கவில்லை, சட்டையைப் பிடித்து இழுத்தாள். நினைப்பு தூக்குகிற நினைப்பு.

"ரெண்டு கையும் குடுக்கணும் சாரே. ஒத்தக் கைய குடுத்தா ஒம்மள மாதிரி விழணும்."

"வலக்கைன்னு தானே மக்கா சொன்னாவ?"

"ஓ, அதாக்கும் சொல்லுதேன். வலக்கை."

இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். முந்தின நாள் காட்டியதுபோலவே.

சார் எழுந்திருக்கவில்லை. ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தன் கைகளை ஒருமுறை பார்த்தார், அவள் கைகளை ஒருமுறை பார்த்தார். முகத்தில் மணல் ஒட்டியிருந்தது, துடைக்கவில்லை.

"மக்கா, நீ சோறு தின்னுத கை எது?"

வலது கை டக்கென்று முன்னால் வந்தது.

"மத்தக் கை?"

அவள் வெட்கப்பட்டு இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். சாரின் கண் நிறைந்துவிட்டது. நான் பார்க்காததுபோலப் போய்க் குடையை எடுத்துக்கொண்டு வந்தேன். நேற்று முழுக்கத் திட்டிய ஆளுக்குத்தான் அந்தக் குடையில் இருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

சோத்துக்கை, பீச்சாங்கை என்று அவர் அன்று மற்றப் பிள்ளைகளிடமும் கேட்டார். ஒரு பிள்ளை தப்பவில்லை. இதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் அட்டையில் சிவப்பு வைத்ததை அவர் முந்தின நாளே திட்ட அதிகாரியிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். கடற்கரைக்கு ஒன்றாம் வகுப்பே வேண்டாம், ஆயத்த வகுப்பு போதும் என்று அவர்கள் தீர்மானிக்கத் தயாராகிவிட்டார்கள். வாசகசாலையில் கூட்டம் போட்டார்கள். அதிகாரி, தலைமையாசிரியர், மெம்பர், அங்கன்வாடி டீச்சர்கள். எல்லோர் முதுகுக்கும் பின்னால் அந்தச் சுவர்.

சார் எழுந்தார். "பொழியூர்ப் பிள்ளைங்க ஒண்ணாம் வகுப்புக்குப் போணும். தப்பினது பிள்ளைங்க இல்ல. கேள்வி."

வலக்கைக் கதையைச் சொன்னார். விழுந்ததையும் மறைக்காமல் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை.

"மாஷே, ரெக்கார்டுல சோத்துக்கைன்னு எழுத முடியுமா? ஒரு அந்தஸ்து வேண்டாமா?"

"சோறு ரெக்கார்டுல ஏறுது சார், ரேஷன் கடையில. அத தின்னுத கை ஏறப்பிடாதா?"

பின்வரிசையில் நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். அதற்குள் மெம்பர் எழுந்துவிட்டார். இந்த நாளுக்காகத்தானே அவர் காத்திருந்தார்.

"புள்ளி வச்சா வச்சதுன்னு எனக்கிட்ட சொன்ன வாய்தானே இது? எனக்க பேரனுக்கு ஒரு ஞாயம், கடற்கரைக்கு ஒரு ஞாயமா?"

சார் சுவரைத் திரும்பிப் பார்த்தார். தலையில் கட்டிக்கொண்டு திரிந்த பேரை அவரே அவிழ்த்துக் கீழே வைக்கவேண்டும். வேறு வழி இல்லை. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"மெம்பர் சொல்லுதது சரியாக்கும். செவப்பு வாங்கின எல்லாப் பிள்ளையிட்டயும் திரும்பக் கேக்கணும். உங்க பேரன் உட்பட. நான் கேக்கப்பிடாது. வேற ஆளு கேக்கட்டும், அந்தந்த வீட்டுல என்ன சொல்லுதாவளோ அந்த வார்த்தையில. எனக்க கணக்கை நம்பி பிள்ளைய நிறுத்தப்பிடாது."

அப்படியே நடந்தது. தலைமையாசிரியர் தானே கடற்கரைக்கு வந்து கேட்டார். எல்லோரும் சோத்துக்கையை நீட்டினார்கள். மெம்பரின் பேரன் மட்டும் இரண்டாம் தடவையும் நாக்கைத்தான் நீட்டினான் என்று கேள்வி. சாரை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தன் கணக்கைத் தானே தப்பு என்று கூட்டத்தில் சொன்ன ஆளை எப்படி வைத்துக்கொள்வது என்பது அவர்கள் நியாயம்.

போவதற்கு முன்னால் வாசகசாலைக்கு ஒருமுறை வந்தார். நானும் போயிருந்தேன். பொழியூர் வட்டங்களில் முதலில் பெருவிரலால் சிவப்பு வைத்தார், பிறகு அதன்மேல் நடுவிரலால் பச்சை வைத்தார். இரண்டும் கலந்து ஒரு மண்நிறம் ஆயிற்று.

"எதுக்கு சாரே இந்தக் கோலம்? நேரே பச்சை வச்சா போதாதா?"

"நான் செவப்பு வச்சதும் நடந்ததில்லா. அதுவும் தெரியணும்."

கடைசியில் பெருவிரலைத் தொட்டு, உதியன்குளங்கரையில் தன் வீடு இருக்கிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். சுவரில் மிச்சம் இருந்த சிவப்புகளில் பிள்ளை இல்லாத வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று நல்ல மழை. மெர்லின் பெரிய ரெயின்கோட்டுக்குள் காணாமல் போய் நடந்துவந்தாள். வாசலில் சார் குடையோடு நின்றார். விரலில் ஒரு நிறமும் இல்லை. அவரைப் பார்த்ததும் அவள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டி, "வலக்கை சாரே!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். சார் குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். முழுக்க நனைந்துவிட்டார். ஸ்டெல்லா கூடையை இறக்காமலே என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மீன்வாடை சேலையில் இரண்டு நாள் இருந்தது.

மெர்லின் நான்காம் வகுப்பு படிக்கும்போது சார் இறந்துபோனார். சொந்தபந்தம் அதிகம் இல்லாதவர், பெட்டி தூக்க ஆள் தேறுமா என்று சபைக்காரர்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பொழியூரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. வலைமூப்பரும் ஆட்களும் இறங்கினார்கள். கூடவே பள்ளிக்கூட யூனிஃபார்மில் பிள்ளைகள். மூப்பர் பெட்டியின் தலைமாட்டில் நின்று, பழக்கதோஷத்தில், தணிந்த குரலில், "வலக்கை குடுங்கலே" என்றார். எல்லோரும் இரண்டு கையையும் நீட்டினார்கள். எட்டாத உயரத்துக்கு மெர்லினும் நீட்டினாள்.

ஊர்வலம் முக்கைக் கடக்கும்போது சாயாக்கடையிலிருந்து ஒரு மலையாளக் குரல் யாரையோ பற்றி யாரிடமோ, "புள்ளிக்காரன் போயோ?" என்று கேட்டது. நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் இப்போதும் அந்த வழியாக பஸ்ஸில் போகிறேன். யாராவது யாரையாவது புள்ளிக்காரன் என்று சொன்னால், அவருக்குப் பதிலாக நான் திரும்பிப் பார்க்கிறேன்.